கேஸை மூடினேனா? செய்யும் வேலையில் நினைவோடு இருப்பது பற்றி

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் பணிபுரிகிறேன். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு ஏழு நிமிட நடை. சென்ற வாரம் மட்டும் மூன்று நாள், பாதி வழியில் நின்று, கேஸை மூடினேனா என்ற ஐயத்தோடு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். மூன்று நாளும் ரெகுலேட்டர் ஒழுங்காக மூடியே இருந்தது. மூடியது என் கைதான். ஆனால் கை அதைத் திருகிய அந்த நொடியில் நான் அன்றைக்குப் புதுப்பிக்க வேண்டிய நகைக்கடன்களின் பட்டியலுக்குள் இருந்திருக்கிறேன்.

பேருந்தைத் தவறவிட்டதுகூடப் பெரிதில்லை. ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன் இரவில் பள்ளிக் கதைகளைச் சொல்வான். நான் கீரை ஆய்ந்துகொண்டே 'ம்' கொட்டுவேன். போன மாதம் ஒரு நாள் அப்படி 'ம்' என்றபோது, "அம்மா, நான் பேசி முடித்து ரொம்ப நேரமாகிவிட்டது" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.

அலுவலகத்தில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் உள்ளங்கையில் ஓர் உலர்திராட்சையை வைத்து, அதன் சுருக்கங்களைப் பார்த்து, முகர்ந்து, மெதுவாகச் சுவைக்கச் சொன்னார்கள். திராட்சை நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலை ஆறரை மணிக்கு, ஒரு பக்கம் குக்கரும் மறுபக்கம் தோசைக்கல்லும் காத்திருந்தபோது, அந்தத் திராட்சையால் எனக்கு எந்தப் பயனும் இருக்கவில்லை. மணிக்கு ஒருமுறை மணியடிக்கும் செயலியைக் கைப்பேசியில் வைத்தேன். நான்காம் நாள் அதையும் மற்ற அறிவிப்புகளைப்போலப் பார்க்காமலே தள்ளிவிடப் பழகிவிட்டேன்.

தனியே உட்கார்ந்து தியானம் செய்ய எனக்கு நேரமில்லை. செய்கிற வேலையிலேயே மனத்தை வைத்திருக்க யாரிடமாவது நடைமுறையில் பயன்பட்ட வழி இருந்தால் சொல்லுங்கள். சொற்பொழிவுகளின் இணைப்புகளை மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

இருப்புப்பாதை எழுதியது:

அம்மா, நான் ரயில்வேயில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவன். ஈரோட்டிலிருந்து ஜோலார்பேட்டைப் பக்கம் சரக்கு வண்டி ஓட்டிய காலந்தான் அதிகம். நீங்கள் கேட்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது.

எதிரே சிக்னல் கண்ணில் பட்டதும் உதவி லோகோ பைலட் கையை நீட்டிக் காட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். லோகோ பைலட், அதாவது ஓட்டுநர், தானும் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "இரட்டை மஞ்சள்" என்றால் நானும் "இரட்டை மஞ்சள்" என்பேன். ஒரே கண்ணாடி வழியாக இருவரும் பார்க்கும் ஒரே விளக்கை, பள்ளிப் பிள்ளைகளைப்போல ஏன் ஒப்பிக்க வேண்டும் என்று புதிதாகச் சேர்ந்தபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அந்தச் சிரிப்பு ஓர் இரவில் நின்றது. லோக்கூர், பொம்மிடி பக்கமெல்லாம் காட்டுப் பாதை. பின்னிரவு மூன்று மணிக்கு வெளியே முகப்பு விளக்கின் வெளிச்சத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது. அந்தத் தடத்தில் ஒரு குறிப்பிட்ட சிக்னல் நான் போகும் நேரத்தில் எப்போதும் பச்சையாகவே இருக்கும். அன்றும் என் வாய் முந்திக்கொண்டு "பச்சை" என்றது. பக்கத்தில் இருந்தவர் திருப்பிச் சொல்லவில்லை. இரண்டு நொடி இருக்கலாம். அவர் ஏன் பேசவில்லை என்று திரும்பிப் பார்த்தேன். அவருடைய விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது. பிறகுதான் விளக்கைப் பார்த்தேன். ஒற்றை மஞ்சள். அடுத்த சிக்னலில் நிற்க ஆயத்தமாக வேண்டும் என்று பொருள். வேகத்தைக் குறைக்க வேண்டிய தொலைவு இருந்தது, குறைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விழித்த கண்ணோடு உட்கார்ந்துகொண்டே நான் அந்த விளக்கைப் பார்க்கவில்லை என்பதும், நேற்றைய பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தன.

ஜப்பானியர்கள் இதை இன்னும் கறாராகச் செய்கிறார்கள். அங்கே ஓட்டுநர் தனியாக இருந்தாலும் வெள்ளைக் கையுறை அணிந்த விரலால் சிக்னலையும் வேகமானியையும் சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்வார். அவர்களுடைய ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994ஆம் ஆண்டு எளிய பணிகளைக் கொடுத்துச் சோதித்ததில், சும்மா செய்தபோது 100 செயலுக்கு 2.38 ஆக இருந்த பிழை, சுட்டிச் சொல்லிச் செய்தபோது 0.38 ஆகக் குறைந்தது. காரணத்தை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: கண் மட்டும் வேலை செய்தால் மனம் எளிதில் ஏமாற்றிவிடும், கண், கை, வாய், காது நான்கும் ஒரே பொருளில் வந்து கூடும்போது மனமும் வந்தே ஆக வேண்டும்.

ஆகவே நாளைக் காலை ரெகுலேட்டரைத் திருகியதும், விரலால் அதைக் காட்டி, "மூடியாயிற்று" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மனத்துக்குள் சொல்லக் கூடாது, காதில் விழ வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

ஐயப்பாடு எழுதியது:

நான் கொஞ்சம் மறுத்துப் பேசப் போகிறேன், காவிரிக்கரை தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரயில் ஓட்டுவதும் பத்துப்பாத்திரம் தேய்ப்பதும் ஒன்றல்ல. பாத்திரம் தேய்க்கும்போது நுரையின் மென்மையையும் தண்ணீரின் குளிர்ச்சியையும் உணர்ந்து தேய்க்க வேண்டும் என்று ஏடுகளில் எழுதுகிறவர்களைப் பார்த்தால், வாரத்துக்கு ஒரு தட்டைக் கழுவுகிறவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நான் முப்பது ஆண்டுகளாக அதே தொட்டியில் அதே குழம்புச் சட்டியைத் தேய்க்கிறேன். அந்தச் சட்டியோடு ஒன்றி நிற்க எனக்கு விருப்பமில்லை. அந்த நேரத்தில்தான் வானொலியில் இளையராஜா வருவார். அந்த நேரத்தில்தான் நான் பதினெட்டு வயதில் பார்த்த கடலுக்குப் போய்விட்டு வருவேன். உடம்பு அடுப்படியில் கட்டுண்டு கிடக்கும்போது மனமாவது வெளியே போய்வரட்டும் என்பது நான் எனக்குக் கொடுத்துக்கொள்ளும் விடுப்பு.

நம் பாட்டிமார்களும் அப்படித்தான். நாற்று நட்டவர்கள் பாடிக்கொண்டேதான் நட்டார்கள். நெல் குத்தியவர்களுக்கு வள்ளைப்பாட்டு இருந்தது. கை உலக்கையில், மனம் பாட்டில். யாரும் அவர்களிடம் போய், உலக்கையின் ஒவ்வோர் இடியையும் உணருங்கள் என்று சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காவிரிக்கரையின் மனம் சிதறுவதற்குக் காரணம் அவருடைய மனம் அல்ல என்றே நினைக்கிறேன். காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் நான்கு பேருக்கான வேலையை ஒருவர் செய்கிறார். அதை இரண்டு பேர் செய்தால் பாதிச் சிதறல் தானாகவே நின்றுவிடும். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள், திராட்சைதான் கொடுப்பார்கள்.

பனங்கூடல் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சிறு குறிப்பு. தமிழ்நாட்டில் 'கவனம்' என்று எழுதும் இடத்தில் எங்கள் வீதிப் பலகைகளில் 'அவதானம்' என்றுதான் இருக்கும். அவதானமாகக் கேள், அவதானமாக ஓடு என்பவை இங்கு வீட்டுச் சொற்கள். அதனால் செய்வதில் மனம் வைத்திருப்பதைக் குறிக்கும் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடி இணையத்தில் நடக்கும் சண்டைகளைப் பார்க்கையில் எனக்குச் சற்று வியப்பாக இருக்கிறது. 'மனநிறைவு' என்று எழுதுகிறார்கள். அது விருந்து உண்டபின் வருவது. 'விழிப்புணர்வு' என்கிறார்கள், அதைக் கேட்டால் டெங்குப் பேரணிதான் நினைவுக்கு வருகிறது. மொழிபெயர்ப்புப் பொறிகளோ சில வேளைகளில் 'நினைவாற்றல்' என்று கொடுத்துவிடுகின்றன, அதைக் கண்டு எல்லோரும் நகைக்கிறார்கள். ஏட்டுச்சுவடி ஐயா இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அறிய ஆவல்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

பனங்கூடல் கேட்டதால் சொல்கிறேன்: அந்தப் பொறி அறியாமல் சொன்னது, அறிந்தவர்கள் சொன்னதைவிட மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

பௌத்த நூல்களில் உள்ள பாலிச் சொல் 'சதி'. வடமொழி 'ஸ்மிருதி'யின் பாலி வடிவம் அது. வேர்ப்பொருள் நினைத்தல், மறவாதிருத்தல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரைஸ் டேவிட்ஸ் என்ற பாலி அறிஞர் அதை ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று பெயர்த்தார். 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜான் கபட்-ஜின் என்பவர் நாள்பட்ட வலியால் துன்புற்ற நோயாளிகளுக்காக அதே சொல்லை வைத்து மருத்துவமனைப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். காவிரிக்கரையின் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்த திராட்சை அங்கிருந்து கிளம்பியதுதான். இவ்வளவு தொலைவு பயணம் செய்ததில், 'மறவாதிருத்தல்' என்ற பொருள் வழியிலேயே உதிர்ந்து, 'அமைதியாக இருத்தல்' என்ற பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தமிழில் நமக்கு இந்தத் தொல்லை இல்லை. 'நினைவு' என்ற ஒரே சொல்லை எப்படியெல்லாம் ஆள்கிறோம் என்று பாருங்கள். பழைய வீடு நினைவில் இருக்கிறது என்கிறோம். அங்கே அது ஞாபகம். மயங்கி விழுந்தவருக்கு நினைவு திரும்பியது என்கிறோம். அங்கே அது உணர்வு. வர நினைத்தேன், முடியவில்லை என்கிறோம். அங்கே அது எண்ணம், நோக்கம். முன்பு செய்ததை மறவாமை, இப்போது உணர்வோடு இருத்தல், இனிச் செய்யப்போவதைக் கருதுதல் ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. வழியில் முட்டிக்கொள்பவரை, "எந்த நினைப்பில் போகிறாய்?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விக்குள் மூன்று பொருளும் உண்டு.

வள்ளுவர் இதற்கென்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்: பொச்சாவாமை, ஐம்பத்து நான்காவது. பொச்சாப்பு என்றால் மறதி. வெற்றிக் களிப்பில் செய்ய வேண்டியதை மறந்துவிடும் அரசனுக்குச் சொன்னது என்பதால் அது பொருட்பாலில் இருக்கிறது. அதன் கடைசிக் குறள்:

உள்ளியது எய்தல் எளிதுமன் மற்றுந்தான்
உள்ளியது உள்ளப் பெறின்.

நினைத்ததை அடைவது எளிதுதான், நினைத்ததை மறவாமல் நினைத்துக்கொண்டே இருக்க முடிந்தால். 'பெறின்' என்று அவர் முடித்திருப்பதைக் கவனியுங்கள். அது கைகூடுவது எளிதென்று அவர் சொல்லவில்லை. அரசனுக்கு அமைச்சர் இருந்தார், இருப்புப்பாதை ஐயாவுக்குத் திருப்பிச் சொல்லாமல் இருந்த ஒரு நண்பர் இருந்தார். அடுப்படியில் தனியாக நிற்பவருக்கு யார் இருக்கிறார்கள் என்பது ஐயப்பாடு எழுப்பிய கேள்வி. அதற்கு என்னிடம் விடையில்லை.

புதுவரவு எழுதியது:

ஒரே நேரத்தில் ஒரே வேலை என்று எல்லோரும் சொல்கிறீர்கள். நம் நாட்டில் அட்டாவதானிகளும் சதாவதானிகளும் இருந்திருக்கிறார்களே? அவர்கள் ஒரே நேரத்தில் எட்டு வேலையும் நூறு வேலையும் செய்தவர்கள் அல்லவா? அப்படியானால் மனத்தைப் பிரிக்க முடியும் என்றுதானே பொருள்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

நல்ல கேள்வி. கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு சென்னையில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டியவர். அவையில் ஒருவர் முதுகில் நெல்லையோ பூவையோ எறிந்துகொண்டிருப்பார், இன்னொருவர் இடையிடையே மணி அடிப்பார், வேறொருவர் ஈற்றடி கொடுத்து வெண்பாக் கேட்பார், மற்றொருவர் கணக்குப் போடச் சொல்வார். இறுதியில் எல்லாவற்றுக்கும் பிழையில்லாமல் விடை வர வேண்டும்.

ஆனால் அவதானி மனத்தை நூறு துண்டாக்கவில்லை. மணியோசை கேட்ட நொடியில் அவர் மணியோசையிடம் முழுவதுமாகப் போய், எண்ணிக்கையை ஒன்று கூட்டி வைத்துவிட்டு, விட்டுவந்த வெண்பாவின் அதே சீருக்குத் திரும்புகிறார். வியக்க வேண்டியது அந்தத் திரும்புதலைத்தான். நாம் கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, எதற்காக எடுத்தோம் என்று தெரியாமல் கீழே வைக்கிறோமே, அது இதற்கு நேர்மாறு. நமக்கும் நூறு மணிகள் அடிக்கின்றன. விட்ட இடந்தான் தெரிவதில்லை.

மறுபக்கம் எழுதியது:

உளவியல் படித்தவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். முதலாவது ஐயப்பாடு அம்மாவுக்கு ஓரளவு ஆதரவானது.

2010ஆம் ஆண்டு சயன்ஸ் இதழில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற ஹார்வர்டு ஆய்வாளர்கள் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் ஐஃபோன் செயலி வழியாக நாளின் பல வேளைகளில், இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள், எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டதில், 46.9 விழுக்காடு வேளைகளில் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி அலைந்த மனம் பொதுவாக மகிழ்ச்சி குறைந்த மனமாக இருந்தது. அந்த எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கட்டுரையில் உள்ள இன்னொரு முடிவை யாரும் சொல்வதில்லை: இனிய நினைவுகளில் அலைந்தவர்கள், செய்யும் வேலையிலேயே மனம் வைத்திருந்தவர்களைவிடக் குறைந்த மகிழ்ச்சியோடு இருக்கவில்லை, கூடுதல் மகிழ்ச்சியோடும் இருக்கவில்லை. குழம்புச் சட்டியிலிருந்து கடலுக்குப் போய்வருபவரை அந்த ஆய்வு குறை சொல்லவில்லை. குழம்புச் சட்டியிலிருந்து நாளைய கவலைக்குப் போகிறவர்களைப் பற்றித்தான் அது பேசுகிறது.

இரண்டாவது, காவிரிக்கரையின் கேஸைப் பற்றியது. நெதர்லாந்தில் வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இருவர் 2003ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பை வைத்து, அதைப் பற்றவைத்து, அணைத்து, அணைந்ததா என்று மீண்டும் மீண்டும் சரிபார்க்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவினர் இடையில் அடுப்புக்குப் பதிலாக மின்விளக்குகளைச் சரிபார்த்தார்கள். இறுதியில் கேட்டபோது, இரு குழுவினரும் அடுப்பைப் பற்றிச் சொன்ன விடைகள் ஏறத்தாழ ஒரே அளவு சரியாகவே இருந்தன. ஆனால் அடுப்பையே திரும்பத் திரும்பச் சரிபார்த்தவர்களுக்கு அந்த நினைவு மங்கியிருந்தது, தங்கள் நினைவின் மேலேயே அவர்களுக்கு நம்பிக்கை குறைந்திருந்தது. பழகப் பழகச் செயல் தானியங்கியாகிவிடுகிறது. தானாக நடந்த செயலின் தடம் மனத்தில் கூர்மையாகப் பதிவதில்லை.

ஆகவே பாதி வழியில் திரும்பி நடப்பது ஐயத்தைத் தீர்ப்பதுபோலத் தோன்றினாலும், அடுத்த நாளுக்கான ஐயத்தை அதுவே விதைக்கிறது. இருப்புப்பாதை ஐயா சொன்ன முறையில் ஒரே ஒரு முறை, முழுமையாகச் செய்யுங்கள். அதன்பின் ஐயம் வந்தாலும் திரும்பாதீர்கள். சரிபார்ப்பதிலேயே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் போகிறது, செய்யாவிட்டால் தாங்க முடியாத அச்சம் வருகிறது என்ற நிலை யாருக்கேனும் இருந்தால், அது கவனக்குறைவன்று, ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரவுப்பணி எழுதியது:

அறுவை அரங்கில் பணிபுரியும் செவிலி நான். வயிற்றை மூடுவதற்கு முன்பு உள்ளே வைத்த மாப் (இரத்தம் ஒற்றும் துணி), ஊசி, கருவி எல்லாவற்றையும் எண்ண வேண்டும். கருவி எடுத்துக் கொடுப்பவரும் வெளியே நிற்பவரும் இருவருமாகச் சேர்ந்து, ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி, வாய்விட்டு எண்ணுவோம். நடுவில் யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டோம். திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்குவோம். நாங்கள் சதாவதானிகள் அல்லர் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட 19 அம்ச அறுவைப் பட்டியலிலும் இந்த எண்ணிக்கை இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. கத்தி வைப்பதற்கு முன்பு எல்லோரும் ஒரு கணம் நின்று, நோயாளி யார், எந்த இடத்தில் அறுவை, என்ன அறுவை என்று உரக்கச் சொல்ல வேண்டும். அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் அது முன்பே தெரியும். இருந்தாலும் அந்த அரை நிமிடத்தில் அறை முழுவதும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதை நான் ஒவ்வொரு முறையும் உணர்ந்திருக்கிறேன்.

இதை வீட்டுக்கும் கொண்டுபோனேன். பணி முடிந்து வந்து, கதவைத் திறப்பதற்கு முன்பு, சாவியைப் பூட்டில் வைத்தபடி, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பெயர் சொல்லிக்கொள்வேன். அவ்வளவுதான். முன்பெல்லாம் நோயாளியிடம் பேசும் குரலிலேயே அம்மாவிடமும் பேசிவிடுவேன். இப்போது அது குறைந்திருக்கிறது.

ஐயப்பாடு எழுதியது:

இரவுப்பணியின் சாவிப் பழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்குக் கூடுதல் நேரம் தேவையில்லை, யாரையும் குற்றவாளியாக்கவும் இல்லை. என் மாமியார் மறக்கக் கூடாத ஏதாவது இருந்தால் சேலைத் தலைப்பில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார். மாலையில் கை துடைக்கத் தலைப்பை எடுக்கும்போது முடிச்சு விரலில் தட்டுப்படும். எல்லாவற்றுக்கும் முடிச்சுப் போட்டால் சேலை என்னாவது? அதுதான் நான் சொல்ல வந்தது. எங்கே இருக்க வேண்டும் என்று இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். மற்ற இடங்களில் மனத்தை அவிழ்த்து விட்டுவிடுங்கள், அது மேய்ந்துவிட்டு வரட்டும்.

மறுபக்கம் எழுதியது:

அம்மா, உங்கள் மாமியாரின் முடிச்சைத்தான் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999ஆம் ஆண்டுக் கட்டுரையில் விரித்துரைத்தார். 'உடற்பயிற்சி செய்வேன்' என்று பொதுவாக நினைப்பதைவிட, 'பல் துலக்கி முடித்ததும் பத்து நிமிடம் நடப்பேன்' என்று ஒரு குறிப்பிட்ட வேளையோடு எண்ணத்தைக் கட்டிவைத்தால், அது நிறைவேறும் வாய்ப்பு கூடுகிறது. அந்த வேளை வந்து விரலில் தட்டுகிறது. நாம் தனியாக நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை.

இருப்புப்பாதை எழுதியது:

ஓர் எச்சரிக்கையைச் சொல்லாவிட்டால் என் முதல் பதிவு அரைகுறையாகிவிடும். எங்கள் எஞ்சினில் வி.சி.டி. என்று ஒரு கருவி உண்டு. ஓட்டுநர் 60 நொடி எந்தக் கட்டுப்பாட்டையும் தொடாமல் இருந்தால் விளக்கு மின்னும். அப்போதும் அசையாவிட்டால் ஒலி எழும். அதற்கும் அசையாவிட்டால் வண்டி தானே பிரேக் போட்டுக்கொள்ளும். விழித்திருக்கிறோம் என்று காட்ட ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

அந்தப் பொத்தானை அரைத் தூக்கத்திலும் அழுத்த முடியும். விளக்கு மின்னியதும் விரல் தானாகப் போகும், கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டார். காவிரிக்கரையின் மணியடிக்கும் செயலிக்கு நேர்ந்தது இதுதான். சிக்னல் சொல்வதும் அப்படி ஆகக்கூடியதே. என் 'பச்சை' அதற்குச் சாட்சி. அதனால் நான் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். நிறத்தைச் சொல்வதற்கு முன்பு, அந்தக் கம்பத்தில் இன்று மட்டும் உள்ள ஏதாவது ஒன்றைப் பார்ப்பேன்: மழை ஈரம், ஒரு காக்கை, கம்பத்தின் எண்ணில் உதிர்ந்த வண்ணம். நேற்றைய சிக்னலில் காக்கை இருந்திருக்காது அல்லவா.

காவிரிக்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

ஐயப்பாடு அம்மா சொன்னபடி மூன்று இடங்களை மட்டும் தேர்ந்துகொண்டேன்: ரெகுலேட்டர், வாசல் பூட்டு, மகன் பேசும் நேரம். முதல் இரண்டுக்கும் இருப்புப்பாதை ஐயாவின் முறை. தனியாகச் சொல்ல வெட்கமாக இருந்ததால் மகனிடம் ரயில் கதையைச் சொன்னேன். அவன் மறுநாளே உதவி லோகோ பைலட்டாகப் பொறுப்பேற்றுக்கொண்டான். நான் "கேஸ் மூடியாயிற்று" என்றால், ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பவன் எழுந்து வந்து பார்த்த பிறகுதான் திருப்பிச் சொல்கிறான். ஒரு நாள் நான் திருகுவதற்கு முன்பே அவசரத்தில் சொல்லிவிட்டேன். அவன் பேசாமல் விரலை நீட்டியபடி நின்றான். காக்கைக்குப் பதிலாக நாங்கள் பார்ப்பது ரெகுலேட்டரின் மேலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு நாள் அதைப் பார்த்துப் பார்த்துத் துடைத்தும் விட்டேன், மறுநாள் பார்க்க ஒன்றும் இல்லை.

மூன்றாவது இடந்தான் கடினம். கீரை ஆய்வதை அவன் தூங்கிய பிறகு வைத்துக்கொண்டேன். முதல் வாரம் அவன் பேசும்போது என் கைக்கு வேலை இல்லாமல் தவித்துப்போனேன். கணவர் இதைப் பார்த்துவிட்டு, கீரையைத் தானே எடுத்துக்கொண்டுபோய்க் கூடத்தில் உட்கார்ந்து ஆய்கிறார். தண்டோடு சேர்த்துத்தான் ஆய்கிறார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த மூன்று வாரத்தில் ஒரு முறைகூட வீட்டுக்குத் திரும்பவில்லை. நேற்று பாதி வழியில் ஐயம் வந்தது. பிசுக்கும் மகனின் குரலும் நினைவுக்கு வந்தன, நடந்துவிட்டேன். அலுவலகம் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, சாப்பாட்டுப் பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஐயப்பாடு எழுதியது:

சாப்பாட்டுப் பெட்டிக்கும் குரல் கொடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். மதியம் என்ன சாப்பிட்டீர்கள், அதைச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

பக்கத்து மெஸ்ஸில் எலுமிச்சைச் சாதம். வேர்க்கடலை சற்றுக் கருகியிருந்தது, மோர்மிளகாய் கொடுத்தார்கள். உடன் பணிபுரிபவர் எதையோ கேட்டாராம், நான் பதிலே சொல்லவில்லையாம்.